தண்ணீரைக் குறைத்து வை

முக்கூடல்
20.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். வீட்டில் அனைவரும் சுகம். அம்மாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆனால் பீடி சுற்றுகிற கை நிற்கவில்லை, அதனால் பயப்படாதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறதாக அப்பா சொன்னார். தையல் பிரித்தார்களா?

நீ உள்ளே போய் இன்றோடு பத்து நாள். மனுப் போட்டு உன்னைப் பார்க்க அப்பா என்னைக் கூட்டி வருவதாக இல்லை. "பொம்பளப் புள்ளைக்கு ஜெயிலு வாசல்ல என்ன சோலி?" என்கிறார். நீ ஃபோனில் பேசுகிற சில நிமிடமும் அம்மாவின் அழுகைக்கே போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு முன்னால் வேறு ஒருவர் படித்து முத்திரை குத்துவார் என்று எஸ்றா வக்கீல் சொன்னார். படிக்கட்டும்.

எஸ்றா சார் நேற்று வந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். ஆற்றங்கரையில் மணல் லாரி எரிந்தது ஆடி நாலாம் வெள்ளி மாலை ஏழே காலுக்கு. உள்ளே ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்ததாலும் அவருக்கு இரண்டு காலும் வெந்துபோனதாலும்தான் கொலை முயற்சி என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் நீ ஸ்டேஷனில் சொன்னது சரியாக இருக்கிறதாம். உன் ஆன்லைன் ஆட்டக் கணக்கில், 'கருப்பட்டி' என்ற உன் பெயரில், அன்று ஆறு ஐம்பதிலிருந்து எட்டுப் பத்து வரை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆட்டம் ஓடியிருக்கிறது. "இது ஒண்ணு போதும், பையனை வெளியில கொண்டாந்திரலாம்" என்றார். பின்கட்டில் படுத்திருந்தேன், முன்னறையில் ஆட்டச் சத்தம் கேட்டது என்று அன்று நான் போலீசிடம் சொன்னேன் அல்லவா, அதை என் கையெழுத்தோடு அபிடவிட்டாகக் கேட்கிறார்.

ஒரு சின்ன உதவி. எம்.ஏ. கட்டுரையை அடிக்க உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் நகரமாட்டேன் என்கிறது. டிஸ்க் நிரம்பிவிட்டதாகச் சிவப்புக் கோடு காட்டுகிறது. உன் பழைய ஆட்டப் பதிவுகளை எல்லாம் அழித்துவிடட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை,
இசக்கிச்செல்வி


பாளையங்கோட்டை
27.8.2024

தங்கச்சி செல்விக்கு, அண்ணன் பெருமாள்ராஜ் சொல்லச் சொல்ல எழுதுவது. நான் சுகம். கை ஆறிட்டு வருது. அம்மாவச் சாப்பிடச் சொல்லு.

அழிக்காத. ஒண்ணையும் அழிக்காத. அந்த வெள்ளிக்கிழமைப் பதிவு அதுலதான் கெடக்கு. ஏளா, நீ ஏற்கெனவே அழிச்சிருந்தா இந்தக் கடுதாசியப் படிச்சிட்டு என்ன செய்வன்னு தெரியல.

எடம் வேணும்னா, சினிமாப் படம் ஒரு இருபது கெடக்கும், அதத் தூக்கு. ஆன் பண்ணுனதும் தானா ஓடுற சோலியத்த புரோகிராம் ஏழெட்டு இருக்கும், எல்லாத்தையும் நிறுத்து. எஸ்றா சார் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு ஆளக் கூட்டிட்டு வருவாரு. ஆட்டத்தப் போட்டுக் காட்டுன்னா திக்கித் திக்கி ஓடப்படாது. உள்ள போய், படம் எப்படித் தெரியணும்ங்கிற செட்டிங்ஸப் பாரு. நிழலு வேண்டாம். புல்லு வேண்டாம். தண்ணியக் குறைச்சு வை. நான் எல்லாத்தையும் குறைச்சுத்தான் வச்சிருப்பேன். மூலையில ஒரு நம்பர் ஓடும். அது அறுபதுக்குக் கீழ எறங்குனா ஆடுறவன் செத்தான். தண்ணி பளபளன்னு தெரிஞ்சு நமக்கு என்ன, மீனா பிடிக்கப் போறோம்?

கேபினட்டத் தொறக்காத. அதோட தகரம் கத்தி மாதிரி. அன்னைக்கு ஃபேன்ல தூசி தட்டுறேன்னு தொறந்துதான் என் கைய அறுத்துச்சு, ஏழு தையலு.

அண்ணன் பெருமாள்ராஜ்

இதை எழுதிக் கொடுப்பது அவனோடு அதே அறையில் இருக்கும் நூர்முகம்மது, மேலப்பாளையம். உங்கள் அண்ணன் அறுபது ஃபிரேம் வேண்டும் என்கிறான். போட்டோவுக்கா, கண்ணாடிக்கா என்று கேட்டேன். ஒரு விநாடிக்கு அறுபது படமாம். நான் ஒரு நாளைக்கு ஒரு படம் பார்த்து வளர்ந்தவன். பிள்ளை நன்றாக இருக்கிறான், கவலைப்படாதீர்கள்.


முக்கூடல்
4.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் வரும்வரை எதையும் அழிக்கவில்லை. நூர்முகம்மது அண்ணாச்சிக்கு என் வணக்கம்.

சினிமாப் படங்களைத் தூக்கினேன். தானாக ஓடுபவற்றை நிறுத்தினேன். முன்பு ஆன் செய்துவிட்டு உலை வைத்து வரலாம். இப்போது அரை நிமிடத்தில் வந்துவிடுகிறது. ஆட்டத்தின் செட்டிங்ஸையும் பார்த்தேன். நிழலும் புல்லும் நீ சொன்னபடி குறைவாகத்தான் இருந்தன. தண்ணீர் மட்டும் உச்சத்தில் இருந்தது. மூலையில் முப்பத்தொன்று ஓடியது. குறைத்தேன். அறுபத்துநான்கு ஆனது. ஆட்டத்தில் வருகிற ஆறு சிமெண்ட் தரையைப் போல ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமைப் பதிவையும் போட்டுப் பார்த்தேன். அதிலும் முப்பத்தொன்றுதான். ஆற்றில் மேகம் தெரிகிறது.

எஸ்றா சார் அபிடவிட்டைத் தட்டச்சு செய்து கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

தங்கை,
செல்வி


பாளையங்கோட்டை
10.9.2024

தங்கச்சிக்கு, அண்ணன். சுகம்.

தண்ணிய நாந்தான் ஏத்தி வச்சேன். ஒரு மாத்தமா இருக்கட்டும்னு. மறந்துட்டேன். யார் கேட்டாலும் அதான்.

அந்தப் பதிவ நீ பாக்காண்டாம். அதுல ஒனக்கு என்ன இருக்கு? ஒன் படிப்பப் பாரு. எஸ்றா சார் சொல்லுத எடத்துல கையெழுத்துப் போடு.

பெருமாள்ராஜ்

இம்முறை அவன் சொன்னது இவ்வளவுதான், தாயி. நானும் எதையும் குறைக்கவில்லை. — நூர்முகம்மது


முக்கூடல்
17.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு வாழைத்தார் சுமந்து தோள் வீங்கியிருக்கிறது. வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறோம்.

எஸ்றா சார் கூட்டி வந்த ஆள் பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டத்தில் யார் யாரைச் சுட்டார்கள் என்று பார்க்கவில்லை. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் கேபினட்டைத் திறந்தேன். ஃபேன் இரைச்சல் தாங்க முடியவில்லை. போன மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் முழங்கால் வரை ஏறியபோது நீயும் நானும் அதைப் பரணுக்குத் தூக்கினோமே, அப்போது பின்பக்கம் அப்பிய சேறு இன்னும் காய்ந்து கிடக்கிறது. நான்கு திருகின் தலையிலும் இருந்தது. ஒன்றில்கூடத் திருப்புளி பட்ட தடம் இல்லை. ஊசியால் சேற்றைக் குத்தி எடுத்த பிறகுதான் திருப்புளி இறங்கியது. உள்ளே ஃபேன் இறக்கைகளில் ஒன்பது மாதத் தூசி, ஒரு சிலந்தி வலை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன். இப்போது சத்தமே இல்லை.

தகரம் என் கையை அறுக்கவில்லை. விளிம்பெல்லாம் மடித்துவிட்டிருக்கிறார்கள்.

அபிடவிட் வந்துவிட்டது. வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் கைக்கு என்ன ஆயிற்று, அண்ணே?

செல்வி


முக்கூடல்
9.10.2024

அண்ணனுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பா பார்க்க வந்தபோதும் நீ என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். முதல் ஜாமீன் மனு தள்ளுபடி ஆனதை எஸ்றா சார் சொன்னார். "இந்தப் புள்ள கையெழுத்து இருந்திருந்தா அன்னைக்கே வந்திருப்பான்" என்று அப்பாவிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார். அம்மா என்னைப் பார்க்காமலே தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். அடுத்த விசாரணை நவம்பர் பதினெட்டு.

எழுது. திட்டியாவது எழுது.

செல்வி


பாளையங்கோட்டை
14.10.2024

மகள் செல்விக்கு, நூர்முகம்மது எழுதுவது. வீட்டில் யாவரும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக.

உன் அண்ணன் எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன். அவன் கை ஆறி வெகுநாள் ஆயிற்று. பேனா பிடிக்கலாம். பிடிக்கமாட்டேன் என்கிறான். உன் கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான். "என்னலே எழுதியிருக்கு?" என்று கேட்டால், "திருகுல சேறு இருக்காம்" என்கிறான். "அதுக்கு ஏம்லே சாப்பிட மாட்டேங்க?" என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆட்களைக் கொஞ்சம் தெரியும். சிலர் இங்கே தூக்கத்தில் உளறுவார்கள், அம்மா என்பார்கள், மனைவி பெயரைச் சொல்வார்கள். இவன் "ஆளு இருக்கு, ஆளு இருக்கு" என்கிறான். நான் எதையும் கேட்கவில்லை. நீயும் இதை நான் சொன்னதாக எழுதாதே.

நூர்முகம்மது


முக்கூடல்
28.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை பிடித்துவிட்டது. அப்பாவின் தோள் தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடு.

சனிக்கிழமை எம்.ஏ. தொடர்பு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சாத்தான்குளம் போனேன். லாரி ஓட்டுநர் தேவதாசன் வீடு அங்கேதான் என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் இரண்டு காலையும் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் புதுசாக, இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஈ உட்காராமல் இருக்க அவர் மனைவி விசிறிக்கொண்டே இருந்தாள்.

முக்கூடல் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"முக்கூடலா? எரிச்ச ஊருல இருந்து ஆரஞ்சு வாங்கிட்டு வந்திருக்கிய" என்று சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"ரெண்டு பேரும்மா. ஒருத்தன் கையில கேனு. ஊத்துதான். இன்னொருத்தன் கத்துதான், 'ஏலே வேண்டாம்லே, உள்ள ஆளு இருக்கு'ன்னு. அதுக்குள்ள பத்திட்டு. கேன் வச்சிருந்தவன் ஓடிட்டான். எனக்குக் கதவு தெறக்கல. மத்தவன் வெறுங்கையால கண்ணாடியில குத்துதான். ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது குத்துக்கு ஒடஞ்சிது. கக்கத்துல கையக் குடுத்து இழுத்துப் போட்டான். சட்டையெல்லாம் ரத்தம். என் ரத்தம்னுதான் நெனச்சேன். ஆஸ்பத்திரியில அவுத்துப் பாத்தா மேல்ல ஒரு கீறல் இல்ல."

இதைப் போலீசிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "மொதலாளி, 'அதிகம் பேசாத, பெர்மிட்டு இல்லாத லாரி'ன்னாரு. நானும், 'துண்டு கட்டியிருந்தான், மூஞ்சி தெரியல'ன்னு நிறுத்திட்டேன்" என்றார்.

"அந்த ஆளைப் பார்த்தால் அடையாளம் சொல்வீர்களா?"

"மூஞ்சிய எதுக்கும்மா பாக்கணும்? கையக் காட்டச் சொல்லுவேன்."

கிளம்பும்போது அவர் மனைவி ஆரஞ்சில் பாதியை என் பையிலேயே திருப்பிப் போட்டாள். பஸ்ஸில் முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வி


பாளையங்கோட்டை
4.11.2024

செல்வி,

இது என் கையெழுத்துதான். கோணலா இருக்கும்.

அங்க ஏன் போன? யாரு போகச் சொன்னா? ஒருத்தன் அந்த எடத்துல இருந்தேன்னு ஒத்துக்கிட்டா, ஊத்தினவன் யாரு, குத்தினவன் யாருன்னு எவன் பாப்பான்? எல்லாரையும் ஒரே கயித்துல கட்டுவான். கேன் பிடிச்சவன் பேரக் கேப்பான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. இந்த லாரிய நிறுத்தணும்னு மூணு தடவ மனுக் குடுத்தவன்.

நான் வீட்டுல ஆடிக்கிட்டு இருந்தேன். கணக்கு சொல்லுது, பதிவு சொல்லுது. நீ ஒருத்தி சொன்னாப் போதும். ஒரே ஒரு கையெழுத்து. அம்மாவ நெனச்சிப் பாரு. பதினெட்டாம் தேதி நான் வெளிய வரலன்னா அது ஒன்னாலதான். அண்ணன் ஒன்ன ஒரு நாளும் ஒண்ணு கேட்டதில்ல.

பெருமாள்ராஜ்


முக்கூடல்
9.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கப்போகிறவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அதனால் சுற்றி வளைக்கவில்லை. இதன் நகலை இன்று காலை எஸ்றா சாரிடம் கொடுத்துவிட்டேன். அபிடவிட்டையும் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆடி நாலாம் வெள்ளி எனக்கு வீட்டுக்கு விலக்கு. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நீ ஆறரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். ஆறு ஐம்பதுக்குக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தது நான். கருப்பட்டி என்ற பெயரில் அன்று ஆடியது நான்.

அன்று மட்டும் இல்லை. ஒரு வருடமாக, வீடு காலியாகும்போதெல்லாம் ஆடுகிறேன். யாருக்கும் தெரியாது. சுடுவதில் எனக்கு அவ்வளவு இஷ்டம் இல்லை. அந்த ஆட்டத்துத் தீவில் ஒரு ஆறு இருக்கிறது. நம் தெரு முனையிலும் ஆறு இருக்கிறது. குளிக்கவும் துவைக்கவும் இறங்கியிருக்கிறேன், ஒரு நாளும் அதன் கரையில் தனியாக அரை மணி நேரம் சும்மா நின்றதில்லை. நின்றால் நாலு பேர் கேட்பார்கள், யாருக்காக நிற்கிறாள் என்று. ஆட்டத்தில் நிற்கலாம். நாணலுக்குள் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்காகத்தான் தண்ணீரை ஏற்றி வைப்பேன். ஆட்டம் திக்கும், திக்கட்டும் என்று விடுவேன். முடிந்ததும் நீ வைத்திருந்தபடி குறைத்துவிடுவேன். அன்று எட்டுப் பத்துக்கு அப்பா "ஆத்தங்கரையில தீ" என்று தெருவில் கத்திக்கொண்டு போனார். கம்ப்யூட்டரை அப்படியே அணைத்தேன். தண்ணீரைக் குறைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் போலீஸ் கேட்டபோது பின்கட்டில் படுத்திருந்தேன், ஆட்டச் சத்தம் கேட்டது என்றேன். உனக்காகச் சொன்னேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நான் ஆடியதை மறைக்கத்தான் முதலில் அந்தப் பொய். அது உனக்கும் உதவும் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரை நீ ஏற்றியதாக எழுதினாயே, அப்போதே உனக்குப் புரிந்துவிட்டது. எனக்காக நீ பொய் சொன்னாய். அதே காரணத்துக்கு நான் உண்மையைச் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டால் வீட்டில் ஆட்டம் ஆடிய ஒருவன் வெளியே வருவான். கண்ணாடியைக் குத்தியவன் யாரென்று யாருக்கும் தெரியாமலே போகும். தேவதாசனின் சட்டையில் இருக்கிற ரத்தத்துக்கு ஆளில்லாமல் போகும். உன்னைக் காப்பாற்ற அந்தச் சட்டைதான் இருக்கிறது, அண்ணே. நான் இல்லை. அதைத் துவைக்காமல் வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இது தப்பாப் போச்சுன்னா?"

உன் தங்கை,
இசக்கிச்செல்வி


பாளையங்கோட்டை
22.11.2024

ஏளா செல்வி,

சுகம். நீ எப்படி இருக்க? அப்பா பேசுதாரா?

ஒன் கடுதாசிய எங்கிட்ட நீட்டும்போது அதப் படிச்ச அலுவலர் என் மூஞ்சியப் பாக்கல. கையத்தான் பாத்தாரு.

ரெண்டு நாள் ஒன் மேல கொலவெறி. நூர்முகம்மது அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு. மூணாம் நாள் எஸ்றா சார் வந்தாரு. "மூணு மாச வேலைய ஒரு கடுதாசியில தின்னுட்டாளே ஒன் தங்கச்சி" ன்னு கத்துனாரு. கத்தி முடிச்சிட்டு, பைய, "சொல்லு, எங்க நின்ன, எப்படிக் குத்துன?" ன்னு பேனாவ எடுத்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். கேன் பிடிச்சவன் பேர மட்டும் சொல்லல. அவனாச் சொல்லட்டும், பத்து நாளு பாப்பேன்.

பதினெட்டாம் தேதி ஜாமீன் கெடைக்கல. தெரிஞ்சிருக்கும். டிசம்பருக்குத் தள்ளிட்டாவ. அம்மா கேட்டாளே, தப்பாப் போச்சுன்னான்னு. போகலாம். எனக்கும் தெரியல.

கணக்குல ஆட்டம் ஓடியிருக்குன்னு எஸ்றா சார் மொதல்ல சொன்னப்ப, நம்ம இசக்கியம்மனே வந்து ஒக்காந்து ஆடியிருக்கான்னு நெனச்சேன். சத்தியமா. பேரு சரியாத்தான் இருந்திருக்கு.

நேத்து மனுவுக்கு என் பேரு விளிச்சாவ. அப்பா வந்திருக்காருன்னு போனேன். தேவதாசன் அண்ணாச்சி. கம்ப ஊணிக்கிட்டு, பொண்டாட்டி தோளப் பிடிச்சிக்கிட்டு, சாத்தான்குளத்துல இருந்து பஸ்ஸேறி வந்திருக்காரு. வலைக்கு அந்தப் பக்கம் நின்னாரு. "கையக் காட்டு" ன்னாரு.

காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்தாரு.

போகும்போது, "டிசம்பருக்கு நானும் வாரேன்" ன்னாரு.

கம்ப்யூட்டர்ல ஒரு வேல இருக்கு. தண்ணியத் திரும்ப ஏத்தி வை. முப்பத்தொண்ணு போதும்.

அண்ணன்,
பெருமாள்ராஜ்